பட்டாளத்துக்குப் போகும் பிள்ளையும் பனிக்காலமும்



ஆவணி பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் சளி, இருமல், குழந்தைக்கு மாந்தம் என்றுதான் அதிகம் இருக்கும். இந்தத் தடவை இரண்டு கடிதங்கள் வேறு தினுசாக வந்திருக்கின்றன. ஒன்று பெரம்பலூர் மாவட்டத்தில் வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து. மகன் ராணுவத்துக்குத் தேர்வாகிவிட்டான், ஐப்பசியில் ஜபல்பூருக்குப் பயிற்சிக்குப் போகிறான். "அங்கே எலும்பு உறையற குளிராமே, ரெண்டு ஸ்வெட்டர் போதுமா, நாலு வேணுமா? எங்க ஊருல கம்பளி எங்கே கெடைக்கும்?" என்று கேட்டிருக்கிறார் அந்தத் தாய். இன்னொன்று ஜெயங்கொண்டத்திலிருந்து. அங்கே போகிறவள் மகள். மிலிட்டரி போலீஸ் வேலைக்காகத் தினமும் விடியற்காலையில் ஓடிப் பழகுகிறாளாம். அக்கம் பக்கத்தில் சொல்லும் பேச்சைவிட, "குளிரில் பொண்ணு ஒடம்பு தாங்குமா" என்ற கவலைதான் அந்தத் தாய்க்குப் பெரிதாக இருக்கிறது.

இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பாதவர்களும் படித்து வைக்கலாம். வடக்கே வேலைக்கும் படிப்புக்கும் போகாத பிள்ளை இன்றைக்கு எந்தத் தெருவில்தான் இல்லை? ஜெயங்கொண்டத்துக்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. பக்கத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தின் பெயரே, ராஜேந்திர சோழனின் படை கங்கைக் கரைவரை போய் வந்ததால் வந்ததுதானே! அந்தச் சிப்பாய்களின் தாய்மார்கள் என்ன கட்டிக் கொடுத்தார்களோ, கல்வெட்டில் தேட வேண்டிய விஷயம்.

முதலில் விஷயத்தைத் தெரிந்து கொள்வோம். 2022 ஜூனில் மத்திய அரசு அறிவித்த அக்னிபாத் திட்டத்தின்படி, பதினேழரை வயது நிறைந்த பிள்ளைகள் நான்கு வருஷத்துக்கு அக்னிவீரர்களாகச் சேருகிறார்கள். நான்கு வருஷம் முடிந்ததும் நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரப் பணியில் வைத்துக் கொள்வோம், மற்றவர்கள் சுமார் 11 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் சேவா நிதியுடன் திரும்பலாம் என்பது அறிவித்தபோது சொன்ன ஏற்பாடு. இதன் நல்லது கெட்டதைப் பற்றி ஊரில் ஆயிரம் பேச்சு உண்டு. அதற்குள் நான் போகவில்லை. நமக்கு வேண்டியது ஒன்றுதான். ராணுவத்தின் முதல் அக்னிவீரர் அணி 2023 ஜனவரித் தொடக்கத்தில், நடுக் குளிர்காலத்தில்தான் பயிற்சியில் இறங்கியது. பிறகு நவம்பரில் சேரும் அணிகளும் வந்தன. ஆக, பிள்ளை ஊரைவிட்டுக் கிளம்பி, கால் புதுப் பூட்ஸுக்குப் பழகும் அந்த முதல் பத்து வாரமும் கார்த்திகை, மார்கழி, தை என்று சரியாகப் பனிக்குள் விழுந்து விடுகிறது.

பெரம்பலூரில் மார்கழி என்றால் என்ன? அதிகாலையில் 20 டிகிரி இருக்கும். அதற்கே நாம் காதில் துண்டைக் கட்டிக் கொள்வோம். பச்சைமலை மேலே போனால் இன்னும் கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான். ஜபல்பூரில் அதே மாதம் இரவு 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். ரூர்க்கியிலும் லக்னோவிலும் இன்னும் குறையும், மூடுபனியில் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. நம் பிள்ளைகள் பலர் போகும் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில், ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. நம் மாநிலம்தானே என்று இருந்துவிட முடியாது. மிலிட்டரி போலீஸ் பயிற்சி மையம் இருப்பது பெங்களூரில். அங்கே டிசம்பர் விடியற்காலை 15 டிகிரி அளவில் இருக்கும். ஆகவே ஜெயங்கொண்டம் சகோதரி பயப்படுகிற குளிர் மகளுக்கு இல்லை. அவளுக்கு வேறு ஜாக்கிரதைகள் உண்டு, பிறகு சொல்கிறேன்.

வேப்பந்தட்டைச் சகோதரி கேட்ட ஸ்வெட்டர் விஷயத்துக்கு வருகிறேன். நாலு வேண்டாம் அம்மா. சேரும் கடிதத்தோடு என்னென்ன கொண்டு வர வேண்டும் என்று பட்டியல் வரும். டிரங்குப் பெட்டி, பூட்டு, தட்டு, டம்ளர், பனியன், துண்டு, கான்வாஸ் ஷூ என்று அதில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் வாங்குங்கள். சீருடை, பூட்ஸ், ஜெர்ஸி, கம்பளிப் போர்வை எல்லாம் அங்கேயே கொடுத்து விடுவார்கள். நீங்கள் ஆசையாக வாங்கும் பூப்போட்ட ஸ்வெட்டரை அங்கே போட விட மாட்டார்கள். ரயிலுக்கும் முதல் இரண்டு நாளுக்கும் ஒன்று இருந்தால் போதும். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. பஸ்ஸில் அரியலூருக்கோ திருச்சிக்கோ போய்த்தான் வண்டி ஏற வேண்டும். கனத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிற சிரமத்தையும் நினைத்துப் பாருங்கள். அந்தப் பணத்தில் சின்ன கடிகாரம் ஒன்றும், நல்ல கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியும் வாங்கலாம்.

கம்பளி என்று ஏன் சொல்கிறேன்? பருத்தி நம் ஊர் வெயிலுக்குத் தெய்வம் மாதிரி. ஆனால் குளிர் நாட்டில் அதுவே எதிரி ஆகும். ஓடி வியர்த்தால் பருத்தி பனியன் ஈரத்தைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டிவிடும். நின்றவுடன் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சும். அப்போதுதான் நடுக்கம் எடுக்கும். கம்பளி கொஞ்சம் நனைந்தாலும் சூட்டை விடாது. தடிமனாக ஒன்று போடுவதைவிட மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்குப் போடுவது நல்லது, அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் உண்மையான போர்வை. ஓடத் தொடங்குமுன் ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும். ஓடி முடித்ததும் ஈரத்தைத் துடைத்து, காய்ந்ததைப் போட்டுக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் நேர்மாறாகச் செய்வார்கள். குளிருகிறதே என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஓடி, தொப்பலாக நனைந்து, பிறகு "ஒடம்பு சுடுதே" என்று எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு நிற்பார்கள்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் தாய்மார்களுக்கு மட்டும்தான் தோன்றும். தேங்காய் எண்ணெயைக் குறுகிய வாய்ப் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்காதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பிக்கும். ஜபல்பூரில் மார்கழி மாதம் அந்தப் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினாலும் சொட்டு வராது. அகல வாய் டப்பாவில் கொடுங்கள். குதிகால் வெடிப்புக்கும் உதட்டுக்கும் தடவ வாஸலின் ஒரு டப்பா சேர்த்து வையுங்கள்.

சாமான்கள் அவ்வளவுதான். இனிமேல் சொல்லப் போவது கடையில் கிடைக்காது. வீட்டில் இருக்கும் இந்தப் பத்து வாரத்தில் உடம்பைத் தயார் செய்வது.

வெயிலுக்கு உடம்பு இரண்டு வாரத்தில் பழகிவிடும். குளிருக்கு அப்படிப் பழகாது. ஆனாலும் திடீர்க் குளிரில் மூச்சு அடைப்பதும் உதறல் எடுப்பதும், தொடர்ந்து பச்சைத் தண்ணீரில் குளித்து வந்தால் கொஞ்சம் அடங்கும். ஆகவே வெந்நீர் போடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். "பாவம், இன்னும் கொஞ்ச நாள்தானே நம்ம கையில இருப்பான்" என்று விளாவி வைக்கிற கை, அவனுக்கு அங்கே கஷ்டத்தைத்தான் கட்டிக் கொடுக்கிறது. தலையில் ஊற்றுமுன் கை, காலில் ஊற்றிக் கொள்ளட்டும். இருதயக் கோளாறோ இழுப்போ உள்ளவர்களுக்கு மட்டும் இந்த யோசனை வேண்டாம்.

அடுத்தது ஓட்டம். ஆள் எடுக்கும்போது 1.6 கிலோமீட்டர் தூரத்தை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண் என்பதால், பிள்ளைகள் அதற்காக மாதக் கணக்கில் ஓடுகிறார்கள். தேர்வானதும் என்ன செய்கிறார்கள்? மாலை போட்டு, பேனர் கட்டி, விருந்து சாப்பிட்டு, இரண்டு மாதம் படுத்துக் கிடக்கிறார்கள்! பிறகு மையத்தில் போய் இறங்கிய மறுநாளே பூட்ஸ் போட்டு ஓடினால் முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை போல விரிசல் விழும். தேர்வானபிறகுதான் ஓட்டத்தை விடக்கூடாது. விட்டிருந்தால் மெதுவாகத் தொடங்கி, வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரம் கூட்டாமல் போகட்டும். தார் ரோட்டை விட மண் பாதை காலுக்கு நல்லது. புது ஷூவை இப்போதே வாங்கி, தினம் ஒரு மணி நேரம் போட்டுப் பழகட்டும். கிளம்புகிற அன்று புது ஷூ என்பது ரொம்பத் தப்பு. நம் பக்கத்துப் பிள்ளைகள் சிறு வயதில் வெறுங்காலில் வயலிலும் வரப்பிலும் ஓடியவர்கள், முன்பாதம் அகலமாக விரிந்திருக்கும். ஷூ வாங்கும்போது விரல்கள் அசைய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இறுக்கிப் பிடிக்கும் ஷூவுக்குள் இரண்டு காலுறை போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிட்டுப் போகும்.

சாப்பாட்டில் இரண்டு விஷயம். ஒன்று, சப்பாத்தி. மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்த பிள்ளைக்கு அங்கே சப்பாத்தியும் பருப்பும் வரும். முதல் வாரம் முகம் சுளித்துப் பாதி சாப்பிட்டு எழுந்து விடுவான். குளிரில் உடம்பு சூட்டைக் காக்க வேண்டும், நாளெல்லாம் ஓட வேண்டும், அரை வயிறு எப்படிப் போதும்? வாரத்தில் நாலு நாள் இப்போதே இரவுக்குச் சப்பாத்தி, பருப்பு போடுங்கள். பத்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்திருக்கவும் பழக்குங்கள். காலையில் வெறும் டீயோடு ஓடுகிற வழக்கமும் வேண்டாம். நம் கம்பும் சோளமும் கேழ்வரகும் இருக்க, பாக்கெட்டில் விற்கும் சத்துமாவு எதற்கு? கம்பங்கூழ், வேர்க்கடலையும் வெல்லமும், முருங்கைக் கீரை, முட்டை, இது போதும். ஜிம் வாசலில் விற்கும் டப்பா பவுடர்கள் பக்கமே போக வேண்டாம்.

இரண்டாவது தண்ணீர். குளிரில் தாகம் தெரியாது, சிறுநீர் மட்டும் அடிக்கடி வரும். தண்ணீர் குறைந்தால் தலைவலி, மலச்சிக்கல், கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் வரிசையாக வரும். தாகத்தை நம்பாமல் சாப்பாட்டுக்கு ஒரு டம்ளர், ஓட்டத்துக்கு ஒரு டம்ளர் என்று கணக்கு வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. கடுக்காய்த் தண்ணீர் மாதிரி இருந்தால் போதவில்லை என்று அர்த்தம்.

இப்போது ஜெயங்கொண்டம் சகோதரிக்கு. மகளை நினைத்துப் பெருமைப்படுங்கள் அம்மா. மிலிட்டரி போலீஸில் சிப்பாய்களாகச் சேர்ந்த முதல் பெண்கள் அணி, 83 பேர், பெங்களூரில் 61 வாரப் பயிற்சி முடித்து 2021 மே 8-ம் தேதி அணிவகுத்து வெளியே வந்தார்கள். பெண் உடம்பு தாங்குமா என்ற கேள்விக்கு அவர்களே பதில். ஆனால் கிளம்புமுன் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதித்து விடுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமலே பார்ப்பார்கள். பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தால் சோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் சோகை இருந்தது. சோகை உள்ள உடம்பு ஓட்டத்தில் மூச்சு வாங்கும், குளிரையும் தாங்காது. டாக்டர் சொல்லும் இரும்புச் சத்து மாத்திரையை நெல்லிக்காயோ எலுமிச்சையோ கலந்த சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடட்டும், கூடவே டீ குடித்தால் மாத்திரை வீண். பயிற்சியில் ஓட்டம் அதிகமாகிச் சாப்பாடு குறைந்தால் மாதவிலக்கு தள்ளிப் போகும், நின்றும் போகும். "நல்லதாப் போச்சு, தொல்லை விட்டுது" என்று பெண்கள் சும்மா இருந்து விடுகிறார்கள். எலும்பு பலவீனமாவதற்கு அது முதல் அடையாளம். மூன்று மாதம் வராவிட்டால் அங்குள்ள டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். உங்களிடம் சொல்லும்போதே வெட்கப்படாமல் சொல்லப் பழக்குங்கள்.

சொல்லப் பழக்குவது என்றேன் அல்லவா? இந்தக் கடிதங்களுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயமே அதுதான். குளிர்காலப் பயிற்சியில் நம் பிள்ளைகளைக் கெடுப்பது குளிர் பாதி, மறைப்பது பாதி.

எப்படி என்று கேளுங்கள். பூட்ஸ் கடித்துக் காலில் கொப்புளம். மூன்றாம் நாள் அது உடைந்து சீழ் வைக்கிறது. பிள்ளை எம்.ஐ. ரூம் என்று சொல்லும் அங்குள்ள வைத்திய அறைக்குப் போகப் பயப்படுகிறான். ஏன்? ஓய்வு எழுதிக் கொடுத்தால் பயிற்சி விட்டுப் போகும், நாள் அதிகம் விட்டுப் போனால் கூட வந்தவர்களோடு விடாமல் பின்னால் வரும் அணியில் தள்ளி விடுவார்கள். ரெலிகேஷன் என்பார்கள். அந்த வார்த்தைதான் பயிற்சி மையத்தில் பிள்ளைகளுக்குப் பூச்சாண்டி. கூட வந்தவன் எல்லாம் பாஸாகிப் போக, நாம் மட்டும் நின்றால் ஊரில் என்ன சொல்வார்கள் என்ற வெட்கம். ஆகவே பஞ்சை வைத்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறான். ஒரு வாரத்தில் நெறி கட்டிக் காய்ச்சல் வருகிறது. இரண்டு நாள் ஓய்வில் தீர வேண்டியது இருபது நாள் ஆஸ்பத்திரிப் படுக்கையாகிறது. எதற்குப் பயந்தானோ அதுவே நடக்கிறது.

இதில் நமக்கு என்ன பங்கு? ஆரம்ப வாரங்களில் பல மையங்களில் போனை வாங்கி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போல எப்போதாவதுதான் பேசக் கொடுப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் அவன் முதலில் சொல்வது அம்மாவிடம்தான். அதுவும் நேராகச் சொல்ல மாட்டான். "ஒண்ணும் இல்லம்மா, லேசா கால் வலி" என்பான். நாம் என்ன சொல்கிறோம்? "பொறுத்துக்கடா சாமி, பல்லைக் கடிச்சிக்கிட்டு முடிச்சிட்டு வந்துடு, ஊரே பாத்துக்கிட்டிருக்கு." அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் அவன் காதில் விழுவது "மறைச்சுக்கோ" என்பதுதான்.

அதற்குப் பதிலாக மூன்று கேள்வி கேளுங்கள். எந்த இடத்தில் வலி? வீக்கமோ சிவப்போ இருக்கா? ராத்திரி படுத்த பிறகும் வலிக்குதா? முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்து அமுக்கினால் சுரீர் என்றால், ஓய்வில் இருக்கும்போதும் வலித்தால், அது எலும்பு விரிசலாக இருக்கலாம். விரல் நுனி வெளுத்து மரத்துப் போய், சூடு பட்ட பிறகும் உணர்ச்சி வராவிட்டால் அதுவும் அவசரம். கொப்புளத்தைச் சுற்றிச் சிவப்புப் படர்ந்தாலும், மூச்சு இழுத்தாலும், மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தாலும், "இப்பவே உஸ்தாதுகிட்ட சொல்லிட்டு எம்.ஐ. ரூமுக்குப் போடா. ஒரு அணி பின்னால போனா என்ன கெட்டுது? நாங்க எதுவும் நெனைக்க மாட்டோம்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அப்பாவையும் வாங்கிச் சொல்லச் சொல்லுங்கள். கிளம்புமுன்பே ஒருநாள் சோறு போடும்போது இதைச் சொல்லி வைத்து விட்டால் இன்னும் நல்லது.

பட்டாளமே இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துத்தான் படித்தது. முதல் உலகப் போரின் 1914-15 குளிர்காலத்தில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பதுங்கு குழிகளில் நின்ற ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்குக் கால் ஊதிக் கறுத்து அழுகியது. இந்தியச் சிப்பாய்களும் அங்கே இருந்தார்கள். தண்ணீர் உறையும் அளவுக் குளிர் கூட வேண்டாம், ஈரமும் குளிரும் நாள் கணக்கில் சேர்ந்தாலே போதும் என்று அப்போது தெரிந்தது. பிறகு என்ன செய்தார்கள்? தினமும் காய்ந்த காலுறை மாற்ற வேண்டும், இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒருவர் காலை ஒருவர் பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். தொல்லை பெருமளவு குறைந்தது. உங்கள் பிள்ளையும் பக்கத்துக் கட்டில்காரனோடு இப்படி ஓர் ஏற்பாடு செய்து கொள்ளட்டும். ராத்திரி படுக்குமுன் காலைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் போகத் துடைத்து, பவுடர் போட்டு, காய்ந்த காலுறையோடு படுக்க வேண்டும். நகத்தை நேராக வெட்ட வேண்டும். கொப்புளத்தைக் குண்டூசியால் குத்தக் கூடாது. குளிரில் கால்விரல்கள் சிவந்து வீங்கி அரித்தால் நெருப்பில் காட்டவோ பரபரவென்று தேய்க்கவோ கூடாது. காய்ந்த காலில் கம்பளியைச் சுற்றி மெதுவாகச் சூடேற விட வேண்டும்.

மறைப்பதில் இன்னொரு வகை உண்டு, அது நம் வீட்டிலேயே தொடங்குவது. சின்ன வயதில் வலிப்பு வந்ததை, இழுப்புக்கு மருந்து உறிஞ்சியதை மருத்துவப் பரிசோதனையில் சொல்லாமல் விடுவது. "சொன்னா தள்ளிடுவாங்க" என்று பெரியவர்களே சொல்லிக் கொடுக்கிறார்கள். குளிர்ந்த காற்றில் ஓடும்போது இழுப்பு உள்ளவனுக்கு மூச்சுக்குழல் சுருங்கிவிடும், விடியற்காலை இருட்டில் நாற்பது பேரோடு ஓடுகிறவன் பின்தங்கி விழுந்தால் கவனிக்கவே நேரமாகும். அந்த வேலை இல்லாவிட்டால் வேறு வேலை. இதில் என் மனம் இளகாது.

இன்னும் ஒன்று. இதைப் பட்டாளத்துக்கு இல்லாமல் வடக்கே போகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லி அனுப்புங்கள். குளிர்காலத்தில் அங்கே அங்கீட்டி என்று கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிற வழக்கம் உண்டு. கரி கனியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும், இருமல் கூட வராது. வருஷா வருஷம் பத்திரிகையில் படிக்கிறோம். பயிற்சி மையங்களில் கட்டுப்பாடு இருக்கும். ஆனால் நாலு பேர் சேர்ந்து வாடகை அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு யார் சொல்வார்கள்? குளிருக்கு இன்னொரு போர்வை வாங்கிக் கொள்ளட்டும், உள்ளே கரி மட்டும் வேண்டாம்.

வேப்பந்தட்டைச் சகோதரி கடிதத்தின் கடைசியில் பேனாவை அழுத்தி ஒரு வரி எழுதியிருக்கிறார், "சியாச்சினுக்கு அனுப்பிடுவாங்களா?" என்று. பயம் நியாயமானதுதான். 2016 பிப்ரவரி 3-ம் தேதி சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் பனிச்சரிவில் மாண்ட மதராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாலியன் வீரர்கள் பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். 2019 பிப்ரவரி 14-ம் தேதி புல்வாமாவில் இறந்த சி.ஆர்.பி.எஃப். வீரர்களில் அரியலூர் மாவட்டம் கார்குடி சிவச்சந்திரனும் ஒருவர். உங்கள் பக்கத்தில் அதை யாரும் மறக்கவில்லை. அதெல்லாம் நடக்காது என்று பொய்யாகச் சமாதானம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பயிற்சி முடிக்காத பிள்ளையை யாரும் அங்கே கொண்டுபோய் நிறுத்துவதில்லை. மேலே அனுப்புமுன்பும் படிப்படியாக உயரத்துக்குப் பழக்கி, தனிப் பயிற்சி கொடுத்து, தனி உடுப்பும் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். அங்கேயும் முதல் விதி இதுதான். தலைவலியோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே சொல்ல வேண்டும், மறைத்து மேலே ஏறக் கூடாது. வீட்டில் பழகினது மலை உச்சி வரை கூட வரும்.

பலகாரம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எள்ளுருண்டை, கடலை உருண்டை, பொரிவிளங்காய் உருண்டை மூன்றும் வாரக் கணக்கில் தாங்கும், குளிருக்கும் நல்லது. ஆண்டிமடம், செந்துறைப் பக்கத்தவர்கள் முந்திரியை வறுத்து உப்புப் போட்டுக் கொடுக்கலாம். தேங்காய் சேர்த்தது, நெய் அதிகம் விட்டது வேண்டாம். பார்சல் அனுப்புமுன் அந்த மையத்தில் வாங்கிக் கொள்வார்களா என்று கேட்டுக் கொள்ளுங்கள். கொடுத்தனுப்பும்போது கூட இருக்கும் பத்துப் பேருக்கும் சேர்த்துச் செய்யுங்கள், தனியாகத் தின்ன விட மாட்டார்கள்!

நவம்பரில் போகிறவனுக்குப் பயிற்சி முடிந்து லீவு கிடைப்பது கோடையாக இருக்கலாம். ஊரார் பார்க்க வேண்டும் என்று சித்திரை, வைகாசி வெயிலில் பகல் பதினோரு மணிக்கு மைதானத்தில் ஓடிக் காட்டப் போவான். பல மாதம் வேறு சீதோஷ்ணத்தில் இருந்த உடம்பு பெரம்பலூர் வெயிலுக்குத் திரும்பப் பழக இரண்டு வாரமாவது பிடிக்கும். முதல் வாரம் ஓட்டத்தை விடியற்காலையோடு நிறுத்தச் சொல்லுங்கள். வந்த அன்றைக்கே கறிக்குழம்பு வைத்து அமர்க்களப்படுத்தாமல், மதியத்துக்கு மோர் சேர்த்த கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் கொடுத்துப் பாருங்கள். சப்பாத்தி தின்று தின்று அவன் அதற்குத்தான் ஏங்கியிருப்பான்.